மூன்றரைக்குக் கீழே

சண்முகவடிவின் ஸ்கூட்டர் மெக்கானிக் தௌசீஃபின் பட்டறையில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அங்கிருந்து எட்டு நிமிடம் ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்ரோல் பங்கில் இருக்கிற புகைச் சோதனைக் கூண்டின் முன்னால் நிறுத்தினால் தோற்றுப்போனது. இது மூன்றாவது தடவை.

கூண்டுக்குள் இருக்கிற சரண்யா வண்டிக்குப் பின்னால் குனிந்து, சைலன்சர் வாய்க்குள் கம்பியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். கம்பியின் மறுமுனை ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டி புகையை உறிஞ்சிப் பார்த்து, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு கார்பன் மோனாக்சைடு என்று எண்ணாகச் சொல்லும். வடிவின் வண்டி வயதுக்கு மூன்றரைக்கு மேல் போகக் கூடாது.

"அஞ்சு புள்ளி ஒண்ணுக்கா," என்றாள் சரண்யா.

"நேத்து நாலு புள்ளி எட்டுல்லா சொன்னே?"

"நேத்து அது. இன்னிக்கு இது. நான் இன்னாக்கா பண்றது, மிஷின் காட்டறதத்தான் சொல்றேன்."

"இப்பதான் மெக்கானிக் பாத்து, நல்லா இருக்குன்னு குடுத்தாம்மா. எட்டு நிமிசத்துல என்ன ஆயிரப் போவுது?"

சரண்யா பாவமாகப் பார்த்தாள். பின்னால் இரண்டு ஆட்டோக்கள் காத்திருந்தன. வடிவு வண்டியில் உட்கார்ந்தபடியே, முன்னால் தொங்குகிற இரண்டு கட்டைப்பைகள் மீதும் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடிக்கொண்டாள். ஐப்பசி மழை தூறத் தொடங்கியிருந்தது.

வண்டிக்கு இந்தச் சனிக்கிழமையோடு பதினைந்து வயது முடிகிறது. அதோடு பதிவும் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் பசுமை வரி கட்ட வேண்டும், கட்டிவிட்டாள். இன்சூரன்ஸ் வேண்டும், இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், நேரம் வாங்கியாகிவிட்டது. அங்கே நீட்ட வேண்டிய தாள்களில் ஒன்றே ஒன்றுதான் குறைகிறது, புகைச் சான்று. இன்று ஞாயிறு.

வடிவின் தொழில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் பீக்கோ அடிப்பதும். உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டாம் மாடி வீடு. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள். ஃபால்ஸ் என்பது சேலையின் கீழ் ஓரத்தில் உட்பக்கமாக வைத்துத் தைக்கிற பட்டைத் துணி. அது இருந்தால்தான் கொசுவம் மடிப்பு கலையாமல் கனமாக விழும். பீக்கோ என்பது வெட்டிய இரண்டு தலைப்புகளும் பிரியாமல் அடிக்கிற நெருக்கமான ஓரத் தையல். இயந்திரத்தில் ஒரு சேலைக்கு இருபது நிமிடம். கையால் தைக்கச் சொல்லும் பட்டுச் சேலைக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் அவள் தொழிலில் பாதி தையல் இல்லை, போக்குவரத்து. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று வீடு வீடாகப் போய்ச் சேலையை வாங்கி, நூலுக்கு நிறம் பொருத்தி, மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுப்பாள். தி. நகரில் ஃபால்ஸ் தைக்க ஆளா இல்லை, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாசலுக்கு வந்து வாங்கிப்போக ஆள் இல்லை. வடிவிடம் அறுபது வாடிக்கை வீடுகள் இருப்பது அந்த ஸ்கூட்டரால்தான்.

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

*

அன்று மத்தியானம் அசோக் நகரில் கொழுந்தன் வீட்டில் சாப்பாடு. கொழுந்தன் விஜயராகவன் தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். வடிவின் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் அவனுக்கு மூத்தவர். ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளர். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. அதனால் எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் தேடுவார்.

சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப் பால் மூன்றாக எடுத்து, முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்த சொதி. பக்கத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். திருநெல்வேலிக்காரர்கள் எந்த ஊரில் குடியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சொதிதான்.

"மதினி, அந்த வண்டியத் தூக்கிப் போடுங்க," என்றான் விஜயராகவன், சோற்றைக் குழித்துக்கொண்டே. "கவர்மெண்டே சொல்லிட்டாம்லா, பதினஞ்சு வருசம் ஆனது ஊரக் கெடுக்குன்னு. இல்லேன்னா பசுமை வரின்னு ஏன் வாங்குதான்?"

"உங்க காருக்கு வாங்கலையா?"

"என் காருக்கு வயசு ரெண்டு மதினி. புது ரகம். புகைன்னு ஒண்ணு வரவே வராது. நான் வாங்கும்போது கட்டுன லைஃப் டாக்ஸுல நீங்க புது ஸ்கூட்டரு ரெண்டு வாங்கிரலாம். தெரியுமா?"

"அது வெலைக்குத் தக்கன வாங்குத வரி. வெல கூடுன வண்டி, வரியும் கூடிருச்சு. புகைக்கா வாங்குனான்?"

சுயம்புலிங்கம் சிப்ஸை நொறுக்கிக்கொண்டே சிரித்தார். "கேக்கால்ல, சொல்லேன்."

"நீங்க ஒண்ணு, சும்மா இருங்கண்ணே."

வடிவு விடவில்லை. "உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்கு?"

"டவுனுக்குள்ள பதினொண்ணு. ஐவேல போனா பதினாறு."

"நீங்க என்னைக்கு ஐவேல போனீய? அசோக் நகர்ல இருந்து பாண்டி பஜாருக்குத்தான தெனமும் போறீய. என் வண்டி நாப்பத்தஞ்சு குடுக்கும். நான் ஒரு லிட்டர ரெண்டு நாளு ஓட்டுதேன். நீங்க கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள குடிச்சுருது. கூடக் குடிக்கவன் ஊரக் கெடுக்கானா, கொறச்சுக் குடிக்கவன் கெடுக்கானா?"

"அப்ப ஏன் மதினி மிஷின் உங்களத்தான் ஃபெயிலுங்குது?"

 வடிவைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருப்பதும் அதே கேள்விதான். குறைவாகக் குடிக்கிற வண்டி எப்படி அதிகமாகக் கெடுக்கும்? போன வருடம் இதே கூண்டில் இரண்டு புள்ளி ஒன்று வந்ததே. ஒரு வருடத்தில் வண்டிக்கு என்ன ஆனது?

விஜயராகவன் குரலைத் தணித்துக்கொண்டான். அவன் நல்லவன்; அதுதான் சிக்கல். "நான் கேலிக்குச் சொல்லல மதினி. மழை நாளுல துரைசாமி சப்வேயில அந்த வண்டிய உருட்டிக்கிட்டு வந்தீயளே, நான் பாத்தேன். எதுக்கு இந்தப் பாடு? தீவாளி நேரம், கடைல கல்லாவுல நம்பிக்கையான ஆளு இல்ல. வந்து உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்த எடத்துல வேலை. தீவாளி முடிஞ்சாலும் அப்படியே இருங்க. அண்ணனுக்கும் நிம்மதி."

 உட்கார்ந்து செய்கிற வேலை என்ற சொல்லுக்குச் சுயம்புலிங்கத்திடம் மறுப்பே கிடையாது. அது வடிவுக்குத் தெரியும். அந்த வீடுகள் என்னுடையவை, நானாகத் தேடிப் பிடித்தவை, நானில்லாவிட்டால் அடுத்த வாரமே வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொதி ஆறிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள சர்ட்டிபிகேட் கெடைக்கலேன்னா வாரேன்," என்றாள்.

"வார்த்தை மாறக் கூடாது மதினி."

"நான் என்னைக்கு மாறுனேன்?"

*

திங்கட்கிழமை காலை, கோடம்பாக்கம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தௌசீஃபின் பட்டறை. பட்டறை என்றால் ஒரு இரும்புப் பெட்டி, ஒரு காற்றடிக்கும் இயந்திரம், மேலே நீல நிறத் தார்ப்பாய். தௌசீஃப் முன்பு சினிமாப் படப்பிடிப்புகளில் ஜெனரேட்டர் வண்டிக்கு மெக்கானிக்காக இருந்தவன். எந்த எஞ்சினையும் காதால்தான் முதலில் பார்ப்பான்.

"இன்னாக்கா, மறுபடியும் ஊத்திக்கிச்சா?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"அந்தப் பொட்டிதான் ராங்கு. எங்கிட்ட வண்டி கும்முனு கீது."

"போன வருசம் இதே பெட்டிதான் ரெண்டு புள்ளி ஒண்ணு காட்டுச்சு தௌசீஃபு. இப்ப மட்டும் பொய் சொல்லுமா?"

தௌசீஃப் வழக்கம்போல முன்னாலிருந்த இரண்டு பைகளையும் தூக்கித் தன் பெஞ்சில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தான். வாடிக்கையாளரின் பட்டுச் சேலை மீது கிரீஸ் கை பட்டுவிடக் கூடாது என்பதில் அவனுக்கு வடிவைவிடப் பயம் அதிகம். பிறகு வண்டியைக் கிளப்பி, ஒரு கையை இடுப்பில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். எஞ்சின் பூனை உறுமுவதுபோல ஒரே சீராக ஓடியது.

"தோ, கேட்டியா? எதனா திக்குதா? சொல்லு."

"இல்ல."

"ஏர் ஃபில்டர் புச்சு மாத்திக்கிறேன். கார்புரேட்டர் கழட்டிக் கழுவிட்டேன். பிளக்கு..." பிளக்கைக் கழற்றி அவளிடம் காட்டினான். நுனி முழுக்க அடுப்புக்கரிபோல இருந்தது. "இத்தான் எனக்குப் பிரியல. போன வாரம்தான் தொடச்சு வெச்சேன். மறுபடியும் கருப்பாக்கிக்கினு வர. நீ எங்கனா போய் இன்னா பண்றன்னே தெரில."

"நான் என்ன பண்ணுதேன், ஓட்டுதேன்."

"பெட்ரோல்ல கரும்புச் சாராயம் கலக்கறானுங்கோ இல்ல, அதுவா இருக்கும்."

"அப்ப ஊருல இருக்க எல்லா வண்டியும்லா ஃபெயிலாவணும்."

தௌசீஃப் யோசித்தான். "அத்தயும் கேட்டுட்டியா," என்று சொல்லிவிட்டு பிளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். காசு வேண்டாம் என்றான். அவள் போகும்போது பைகளை அவனே எடுத்துக் கொடுத்தான், அவள் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. வண்டி இப்போது நாற்பத்தைந்து கொடுப்பதில்லை. ஆடித் தள்ளுபடிக்குப் பிறகு இரண்டு நாளைக்குப் போட்ட பெட்ரோல் ஒன்றரை நாளில் தீர்ந்தது. கொழுந்தனிடம் நாற்பத்தைந்து என்று அடித்துச் சொன்னது பழைய கணக்கு.

*

செவ்வாய்க்கிழமை வானம் கொட்டித் தீர்த்தது. புதன்கிழமை மத்தியானம்தான் மயிலாப்பூர் போக முடிந்தது. சித்திரக்குளம் பக்கத்தில் ஜானு வீட்டில் நாலு சேலை கொடுக்க வேண்டும். ஜானு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காலாண்டு விடைத்தாள்களை ஊஞ்சல் முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு அந்த ஊஞ்சலில் தனக்கு மட்டும் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ வடிவக்கா. நனைஞ்சுண்டா வந்தேள்? காபி கலக்கறேன், உக்காருங்கோ. அந்தப் பேப்பரையெல்லாம் தள்ளுங்கோ, எல்லாம் தப்பாத்தான் எழுதியிருக்குகள்."

காபியைக் குடித்துக்கொண்டே வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். பசுமை வரி, ஐந்து புள்ளி ஒன்று, கொழுந்தன், கல்லா. சொல்லிவிட்டு, "டீச்சர், எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கணும்," என்றாள். "என் வண்டி கொறச்சுத்தான் குடிக்கு. பெறவு எப்படி அந்தக் காரவிடக் கூடக் கெடுக்கும்?"

ஜானுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லியிருக்கேள் அக்கா. ஆனா ரெண்டு பேரும் வேற வேற புகையப் பத்திப் பேசறேள். மொதல்ல உங்களோடது. கார்பன் டை ஆக்சைடு. பூமி சூடாறதுன்னு சொல்றாளே, அது. அதுக்குப் பெட்ரோல் எத்தனை எரிஞ்சதுங்கறதுதான் கணக்கு. ஒரு லிட்டர் எரிஞ்சா சுமாரா ரெண்டேகால் கிலோ வரும்."

"எவ்வளவு?"

"ரெண்டேகால் கிலோ."

வடிவு டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு லிட்டர் பெட்ரோலே ஒரு கிலோ இருக்காதே டீச்சர்."

"முக்கால் கிலோதான்."

"முக்கால் கிலோ சாமானுல இருந்து ரெண்டேகால் கிலோ புகை எப்படி வரும்? நான் முக்கால் கிலோ துணிய எரிச்சா முக்கால் கிலோ சாம்பல்கூட வராது."

"கேட்டேளே, இதுதான் கேள்வி." ஜானு ஊஞ்சலிலிருந்து இறங்கி, வடிவு கொண்டுவந்த சேலைகளில் ஒன்றை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்ப்பதுபோலப் பிடித்தாள். "போன வாரம் இந்தச் சேலைய உங்ககிட்ட குடுத்தேன். இப்போ அதே சேலைதான், ஆனா வெயிட்டு கூடியிருக்கு. எப்படி?"

"ஃபால்ஸ் வச்சிருக்குல்லா. நூலு வேற."

"அந்த ஃபால்ஸ் நான் குடுத்ததா?"

"இல்ல, எங்க வீட்டுத் துணி."

"அவ்வளவுதான். பெட்ரோல் குடுக்கறது கார்பன் மட்டும், அதாவது கரி. சேலை மாதிரி. காத்துலேர்ந்து ஆக்சிஜன் வந்து அதுல ஒட்டிக்கறது. ஒரு கரி அணு பன்னெண்டு வெயிட்டுன்னா ஒரு ஆக்சிஜன் பதினாறு. ஒண்ணு இல்ல, ரெண்டு வந்து ஒட்டிக்கும். பன்னெண்டும் முப்பத்திரெண்டும் நாப்பத்தி நாலு. சேலையவிட ஒட்டின சரக்குதான் கனம். அந்த அதிகப்படி ஒண்ணரை கிலோவும் நீங்க காசு குடுக்காம ரோட்டுக் காத்துலேர்ந்து எடுத்துண்டது."

வடிவு மெதுவாகத் தலையாட்டினாள். தன் வண்டி போகிற வழியெல்லாம் காற்றை வாங்கித் தைத்துக்கொண்டு போகிறது என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஜானு ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். "லிட்டருக்கு நாப்பத்தஞ்சு ஓடினா, கிலோமீட்டருக்கு அம்பது கிராம். உங்க கொழுந்தனார் கார் பதினொண்ணு குடுத்தா இருநூத்தி அஞ்சு. நாலு மடங்கு. ஆனா ஒண்ணு, அவர் நாலு பேர ஏத்திண்டு போனார்னா தலைக்கு அம்பதுதான் ஆறது. உங்களுக்கும் அவருக்கும் சரியாப் போச்சு."

"அவரு தனியாத்தான் போவாரு. டிபன் கேரியரு பக்கத்து சீட்டுல இருக்கும்."

"டிபன் கேரியரத் தலைக்கணக்குல சேக்க முடியாது அக்கா."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வடிவு கேட்டாள்: "அப்ப வரி வாங்குதவன் இத ஏன் பாக்க மாட்டேங்கான்?"

"வாங்கறச்சே வெலையப் பாக்கறான். பதினஞ்சு வருஷம் ஆனா வயசப் பாக்கறான். எத்தனை பெட்ரோல் எரியறதுன்னு அந்த ரெண்டு வரியும் கேக்கறதில்லை. அது வேற சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இப்போ உங்க கொழுந்தனார் சொன்ன புகை. அந்த மிஷின் பாக்கறது டை ஆக்சைடே இல்லை. மோனாக்சைடு. அது விஷம், மூடின ரூம்ல இருந்தா ஆளையே கொல்லும். அது பெட்ரோல் எத்தனை எரிஞ்சதுங்கற கணக்கில்லை. எப்படி எரிஞ்சதுங்கற கணக்கு." மறுபடியும் சேலையை எடுத்தாள். "ஒரு சேலைக்கு ரெண்டு தலைப்புலயும் பீக்கோ அடிக்கணும் இல்லையா? நூல் பாதியில தீந்துபோச்சு, வாடிக்கைக்காரா அவசரப்படுத்தறா, ஒரு தலைப்பு மட்டும் அடிச்சுக் குடுத்துட்டேள். அதான் மோனாக்சைடு. கரிக்கு ரெண்டு ஆக்சிஜன் கெடைக்க வேண்டிய எடத்துல ஒண்ணுதான் கெடைச்சது. அரைவேலை."

"நூலு தீந்துபோச்சுன்னா..."

"காத்து போறலைன்னு அர்த்தம்."

வடிவு எழுந்துவிட்டாள். "என் வண்டிக்கு மூச்சுத் தெணறுதுங்கீய."

"பெட்ரோல் இருக்கு, காத்து இல்லை. எரியாத கரி பிளக்குல படியும். மைலேஜும் கொறையும்."

"கொறைஞ்சுதான் இருக்கு டீச்சர்," என்றாள் வடிவு. வேறு யாரிடமும் சொல்லாததை அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

*

லஸ் முனையில் சிக்னலில் நின்றபோதும், தேனாம்பேட்டையில் பேருந்துகளுக்கு நடுவே நின்றபோதும் அவள் அதையே நினைத்தாள். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் இருமியது. லேசாகப் பெட்ரோல் வாடை அடித்தது. இதெல்லாம் மழையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பாமல் நேராகப் பாலத்துப் பக்கம் விட்டாள்.

தௌசீஃப் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தௌசீஃபு, இந்த வண்டில காத்து போற வழிய எதெது அடைக்கும்? எண்ணிச் சொல்லு."

"இன்னாக்கா, எறங்கக்கூட இல்ல, பரிச்சை வெக்கற?"

"சொல்லுடே."

"ஏர் ஃபில்டர் ஒண்ணு. அழுக்கானா அடைக்கும். ஆனா அது புச்சு. அப்பறம் சோக்கு. காத்துவழியில ஒரு தகடு கீது. நீ கொமிழ இழுத்தா அது பாதி மூடிக்கும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. காலைல வண்டி சில்லுனு கீதுல்ல, அப்பத்தான் அது வோணும். ஸ்டார்ட் ஆனதும் வுட்டா ஸ்பிரிங்கே உள்ள இழுத்துக்கும். அவ்ளோதான். ரெண்டே ரெண்டு."

"காலைல இழுப்பேன். உடனே விட்டுருவேன்."

"அது எனக்குத் தெரியாதா. நான்தான் ஒவ்வொரு தபாவும் பாக்கறேனே, கொமிழு உள்ளதான் கீது." அவன் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல முதலில் பைகளைத் தூக்கக் கை நீட்டினான்.

"எடுக்காத."

அவன் கை அப்படியே நின்றது.

"பைய எடுக்காத தௌசீஃபு. நீ ஒவ்வொரு நாளும் மொதல்ல அதத்தான் எடுக்க. பைய எடுக்காம பாரு."

தௌசீஃப் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். பைகளை நகர்த்தாமல், அவற்றுக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. 

"அக்கா."

"என்ன?"

"இந்த ரெண்டாவது பைய எதுல மாட்டிக்கிற?"

"அங்க கொக்கி பக்கத்துல கெடக்குல்லா, அதுல."

"அதான்கா சோக்கு."

அவளும் இறங்கிக் குனிந்து பார்த்தாள். போன வருடம் வரை ஒரே பைதான். கொக்கியில் மாட்டினால் போதும். ஆடித் தள்ளுபடியில் வேலை கூடியபோது, வாங்கிவருகிற சேலையும் கொடுக்கப்போகிற சேலையும் கலந்துவிடக் கூடாது என்று இரண்டாவது கட்டைப்பை சேர்ந்தது. கட்டைப்பைக்கு வாயில் இரண்டு பக்கமும் கம்பு, அகலமாக நிற்கும். ஒரே கொக்கியில் இரண்டு கொள்ளாது. கொக்கிக்குப் பக்கத்தில் கைக்கு வாட்டமாக ஒரு குமிழ் இருந்தது. தினம் காலையில் இழுக்கிற அதே குமிழ்தான். ஆனால் காலையில் அது சோக். மற்ற நேரத்தில் பை மாட்டுகிற இடம். ஒரே பொருள் என்று அவள் ஒரு நாளும் சேர்த்து நினைத்ததில்லை. பன்னிரண்டு சேலையின் கனத்தில் குமிழ் அரை விரல் அளவுக்கு வெளியே வந்து நின்றது. பைக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை.

"இப்ப பாரு," என்றான் தௌசீஃப். பையின் காதைக் குமிழிலிருந்து தூக்கினான். குமிழ் மெல்ல உள்ளே போனது. அதுவரை இருமிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சீரானது. மறுபடி மாட்டினான், திணறியது. தூக்கினான், சீரானது. சின்னப் பிள்ளைபோல நாலைந்து தடவை அதையே செய்தான்.

"நான் பைய எடுத்துட்டு வண்டியப் பாக்கறேன். அந்தப் பொட்டி பையோட பாக்குது," என்றான். "மூணு வாட்டி கார்புரேட்டரக் கழட்டிக்கிறேன்கா. யார் கைலயும் சொல்லிடாத."

"நான் எப்படிச் சொல்லுவேன்? மூணு மாசமா சேலைய மாட்டி ஓட்டிருக்கேன். எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தௌசீஃபும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தான். பிளக்கைக் கடைசியாக ஒரு தடவை துடைத்து மாட்டி, சேலைகள் இருந்த பையை அவனே அவள் காலடிப் பலகையில் நிமிர்த்தி வைத்தான்.

*

சரண்யா கூண்டைப் பூட்டப் போகிற நேரம். ஆனாலும் கம்பியை எடுத்தாள். வடிவு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.

"ரெண்டு புள்ளி மூணு," என்றாள் சரண்யா. "இன்னாக்கா பண்ணீங்க? எஞ்சின் மாத்திட்டீங்களா?"

"பைய மாத்துனேன்."

சரண்யாவுக்குப் புரியவில்லை. வண்டியைப் படமெடுத்து, தாளை அச்சடித்துக் கொடுத்தாள். வடிவு அதை ஈரம் படாமல் இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பங்கின் ஓரமாக நின்று போன் செய்தாள்.

"தம்பி, கல்லாவுக்கு வேற ஆளப் பாருங்க."

"பாஸாயிட்டா?" விஜயராகவன் குரலில் ஏமாற்றமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. "சரி மதினி, நல்லதாப் போச்சு. ஆனா இந்தத் தீவாளி வரைக்குமாவது மயிலாப்பூர் சரக்கக் கார்ல அனுப்புங்களேன். நான் தனியாத்தான போறேன்."

"நீங்க இன்னும் ரெண்டு பேர ஏத்துங்க, பெறவு நாலாவதா நான் ஏறுதேன். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஞாயித்துக்கெழம சொல்லுதேன்."

"என்ன கணக்கு?"

"சொதி வச்சாத்தான் சொல்லுவேன்."

அன்று ராத்திரியே அவள் சுயம்புலிங்கத்திடம் வண்டியைக் காட்டி, நாளைக்கு யார் எடுத்தாலும் இப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்தாள். கொடுக்கப்போகிற பை கொக்கியில். வாங்கிவருகிற பை காலடியில். சோக் குமிழில் ஒன்றும் மாட்டக் கூடாது.